பழைய டூரிங் பைக் வாங்கும்முன் ஓட்டிப் பார்ப்பது எப்படி: பெங்களூரில் ஒரு ஞாயிறு காலை

பெல்லந்தூரில் ஓர் அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் மூன்று ரவுண்டு அடித்துவிட்டு ஒரு நானூறு சிசி வண்டியை வாங்கியவன் நான். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். பேஸ்மென்ட்டில் இருபதுக்கு மேல் போக முடியாது, ஆனால் அந்த இருபதிலேயே சைலன்சர் சத்தமும் புது சீட் கவரும் என்னைக் கவிழ்த்துவிட்டன. அடுத்த வாரமே சென்னைக்குக் கிளம்பினேன். சூளகிரி பக்கம் எண்பதில் ஹேண்டில் தலையாட்ட ஆரம்பித்தது, பின்னால் இரண்டு பையோடு ஏற்றம் ஏறும்போது ஆர்பிஎம் முள் மட்டும் மேலே போனது, வண்டி போகவில்லை. கிருஷ்ணகிரியில் ஒரு மெக்கானிக் அண்ணன் முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலை ஒரே ஒரு தடவை இடமும் வலமும் திருப்பினார். "வாங்குறதுக்கு முன்னாடி ஓட்டிப் பார்க்கலையா தம்பி?" என்றார். பார்த்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு எனக்கும் நண்பர்களுக்குமாக இருபது வண்டிகளாவது ஓட்டிப் பார்த்திருப்பேன், அதில் வாங்கச் சொன்னது நாலோ ஐந்தோதான். தெரு முனை வரை போய் வரும் டெஸ்ட் ரைடு ஸ்கூட்டருக்குப் போதும். டூரிங் வண்டியின் நோய் சூடு ஏறினால் தெரியும், இல்லையென்றால் வேகத்தில் தெரியும், இல்லையென்றால் பின்னால் ஆள் உட்கார்ந்தால் தெரியும். இந்த மூன்றையும் உண்டாக்காமல் எத்தனை ரவுண்டு அடித்தாலும் ஒன்றும் தெரியாது. ஒன்றரை மணி நேரம் கேளுங்கள். தர மாட்டேன் என்பவரிடம் வாங்க வேண்டியதில்லை, ஊரில் வேறு வண்டி இருக்கிறது.

போனில் பேசும்போதே

"வண்டி விழுந்திருக்கா?" என்று கேட்டால் "இல்லவே இல்லை சார்" என்றுதான் பதில் வரும். "எங்கே விழுந்தது, எந்தப் பக்கம்?" என்று கேட்டுப் பாருங்கள். ஊர் ஊராகப் போன வண்டி ஒரு தடவையாவது சாயாமல் இருந்திருக்காது. நேர்மையான ஆள் "சக்லேஷ்புர் பக்கம் சேற்றில் இடது பக்கம் சாஞ்சுது, லீவர் மாத்தினேன்" என்பார். எனக்கு அந்த மாதிரி ஆளிடம்தான் நம்பிக்கை வரும்.

எத்தனையாவது ஓனர், லோன் முடிந்ததா, கடைசி சர்வீஸ் பில் இருக்கிறதா, டயர் எப்போது மாற்றியது, இன்ஷூரன்ஸ் எதுவரை, இவ்வளவுதான் மற்ற கேள்விகள். வண்டி நம்பரை வாங்கி அரசின் எம்பரிவாகன் ஆப்பில் போட்டுப் பாருங்கள். ஆர்சி எதுவரை செல்லும், இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா, புகைச் சான்று இருக்கிறதா என்பது வீட்டில் காபி குடித்துக்கொண்டே தெரிந்துவிடும். கடைசியாக ஒன்று சொல்லுங்கள்: "நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க." இது ரொம்ப முக்கியம், காரணம் கீழே வருகிறது.

எப்போது, எங்கே

ஞாயிறு காலை ஆறரை மணி. சனிக்கிழமை மாலை சில்க் போர்டு பக்கம் டெஸ்ட் ரைடு போனால் உங்கள் பொறுமையைத்தான் டெஸ்ட் பண்ண முடியும். ஆறரைக்கு இன்ஜின் சில்லென்று இருக்கும், ரோடு காலியாக இருக்கும், திரும்பி வரும்போது எட்டு எட்டரை ஆகி டிராஃபிக்கும் கொஞ்சம் சேர்ந்துவிடும். அந்த டிராஃபிக்கும் நமக்கு வேண்டும்.

விற்பவர் வீடு எந்தப் பக்கம் என்று பார்த்து ரூட்டை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், அவர் கையில் விடாதீர்கள். ஜெயநகர், பனசங்கரி பக்கம் என்றால் கனகபுரா ரோடு, நைஸ் ரோடு சந்திப்பைத் தாண்டிப் போங்கள். கே.ஆர்.புரம் பக்கம் என்றால் பழைய மெட்ராஸ் ரோட்டில் ஹோஸ்கோட்டே வரை. ஹெப்பால் பக்கம் என்றால் பெல்லாரி ரோட்டில் தேவனஹள்ளி நோக்கி. எலெக்ட்ரானிக் சிட்டி என்றால் ஓசூர் ரோடு, ஆனால் அத்திப்பள்ளியோடு திரும்பிவிடுங்கள், அடுத்தவர் வண்டியில் மாநில எல்லை தாண்டி எதற்கு வம்பு. மைசூர் எக்ஸ்பிரஸ்வேயின் நடுப்பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இரு சக்கர வண்டிக்கு அனுமதி இல்லை, பக்கத்துச் சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும், அதில் நாம் தேடும் ஒரே சீரான ஓட்டம் கிடைக்காது.

ரூட்டில் நாலு விஷயம் இருக்க வேண்டும். குறுகலான கிராஸ் ரோடு ஒன்று, வரிசையாக ஸ்பீடு பிரேக்கரும் பள்ளமும் இருக்கிற ஒரு கிலோமீட்டர் (பெங்களூரில் இதைத் தேட வேண்டியதே இல்லை), ஒரு ஃப்ளைஓவர், அப்புறம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நிற்காமல் எண்பதில் போகக்கூடிய நேர் ரோடு.

கையில் என்ன வேண்டும்

ஹெல்மெட், கிளவுஸ், கணுக்கால் மூடும் ஷூ, ஜாக்கெட். லைசென்ஸ். சின்ன டார்ச், பழைய துணி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர். கூட ஒரு நண்பர் கட்டாயம், அவர்தான் பின்னால் உட்காரப் போகிறார், அதற்கு முன் தன் வண்டியில் உங்கள் பின்னால் வந்து சக்கரத்தைக் கவனிக்கப் போவதும் அவர்தான். அந்த வண்டியின் மேல் உங்களுக்கு இருக்கும் மயக்கம் அவருக்கு இருக்காது என்பது இன்னொரு லாபம்.

விற்பவருக்கும் பயம் இருக்கும், வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டால்? அதில் தப்பில்லை. உங்கள் வண்டியைச் சாவியோடு அங்கேயே விட்டுவிட்டுப் போங்கள், லைசென்ஸ் நகல் வேண்டுமானால் கொடுங்கள், ஒரிஜினல் உங்களிடம் இருக்கட்டும். கிளம்பும் முன்பே, கீழே போட்டால் சேதம் யார் செலவு என்று வாயால் பேசிவிடுங்கள். நான் "என் கையில் விழுந்தால் என் செலவு, பார்ட்ஸ் தானாகப் போனால் உங்க செலவு" என்று சொல்லிவிடுவேன். இன்ஷூரன்ஸ் காலாவதி ஆன வண்டியில் ஏறவே ஏறாதீர்கள். 2018 செப்டம்பர் முதல் விற்ற புது வண்டிகளுக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்ற விதி வந்தது, அதனால் பேப்பரில் இன்ஷூரன்ஸ் இருப்பதுபோல் தெரியும். ஆனால் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி முதல் வருடத்தோடு நின்றிருக்கலாம். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

தனியாக விட மாட்டேன், நானும் பின்னால் வருகிறேன் என்று விற்பவர் சொன்னால் சந்தோஷமாக ஏற்றிக்கொள்ளுங்கள். எழுபது கிலோ பாரம் ஓசியில் கிடைக்கிறது.

ஸ்டார்ட் பண்ணும்முன் பதினைந்து நிமிடம்

போனதும் பேச்சு கொடுத்துக்கொண்டே இன்ஜின் பக்கம் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னால் ஒருவர் ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார். குளிரில் ஸ்டார்ட் ஆகத் தகராறு பண்ணும் வண்டியையும், முதல் நிமிடம் புகை தள்ளும் வண்டியையும் மறைக்க இதைவிட எளிய வழி கிடையாது. சூடாக இருந்தால் நான் டீ குடிக்கப் போய்விடுவேன், இல்லை இன்னொரு நாள் வருகிறேன் என்பேன்.

இன்ஜின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் ஆர்சியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு எழுத்து மாறினாலும் அங்கேயே முடிந்தது கதை. அடுத்து ஹேண்டில் கழுத்துக்குக் கீழே டார்ச் அடியுங்கள். ஹேண்டிலை முழுதும் திருப்பினால் போய் முட்டும் ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்கும், அது நசுங்கியிருந்தாலோ, புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தாலோ வண்டி பலமாக மோதியிருக்கிறது என்று அர்த்தம். டேங்க்கையும் மட்கார்டையும் மாற்றுபவர்கள் இதை மாற்ற மாட்டார்கள், நிறையப் பேருக்கு இது இருப்பதே தெரியாது.

முன் ஃபோர்க் குழாயைத் துணியால் துடைத்துவிட்டு நாலைந்து தடவை பிரேக்கைப் பிடித்து அமுக்குங்கள். எண்ணெய் வளையம் தெரிந்தால் ஆயில் சீல் போயிருக்கிறது, பெரிய செலவில்லை, விலையில் கழிக்கலாம். குழாயில் கல் பட்ட புள்ளியோ துருவோ இருந்தால் சீல் மாற்றினாலும் மறுபடி கிழியும், அது பெரிய செலவு.

டயரில் பட்டனைவிட வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆம் வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தும் ஆறு வருடம் தாண்டிய டயர் மழையில் வழுக்கும். இந்த அளவு வண்டிகளுக்கு நல்ல டயர் ஒரு ஜோடி பத்தாயிரத்தைத் தாண்டும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். செயினைப் பின் ஸ்ப்ராக்கெட்டில் பிடித்துப் பின்னால் இழுத்துப் பாருங்கள், பல் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால் செயின் செட் முடிந்தது. பிரேக் டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். விளிம்பில் விரலால் தடவினால் படி மாதிரி தட்டுப்பட்டால் டிஸ்க் தேய்ந்திருக்கிறது.

இனிமேல் சொல்வது டூரிங் வண்டிக்கே உரியது. பானியர் (பக்கவாட்டுப் பெட்டி) மாட்டும் கம்பி சப்ஃபிரேமில் (சீட்டைத் தாங்கும் பின்சட்டம்) எங்கே போல்ட் ஆகியிருக்கிறதோ அங்கே டார்ச் அடித்துப் பாருங்கள். வருடக்கணக்கில் இருபது கிலோ பாரத்தைத் தூக்கிக்கொண்டு குதித்த இடம் அது. மயிரிழை விரிசல், வெல்டிங் வைத்த தடம், ஒரு பக்கம் மட்டும் வளைந்த கம்பி, எதுவானாலும் நின்று யோசியுங்கள். அடுத்தது ஒயரிங். ஃபாக் லைட், ஃபோன் சார்ஜர், எக்ஸ்ட்ரா ஹாரன் எல்லாம் "இருபதாயிரம் ரூபாய் ஆக்சசரீஸ் சார்" என்று விலையில் சேர்ப்பார்கள். என்னைக் கேட்டால் அதற்கு விலையைக் குறைக்க வேண்டும். ரிலே இல்லாமல், ஃபியூஸ் இல்லாமல், இன்சுலேஷன் டேப் சுற்றி நேராக பேட்டரியில் கொடுத்த லைனைத் தேடிக் கண்டுபிடித்துப் பிரிப்பது ஒரு எலெக்ட்ரீஷியனுக்கு முழுநாள் வேலை.

"லடாக் போன வண்டி" என்பதை ஒரு பட்டம் மாதிரி சொல்வார்கள். போகட்டும், நல்லதுதான், ஆனால் அப்படிச் சொன்னால் நான் உடனே கீழே குனிவேன். அடித்தட்டு நசுங்கல், ரிம் விளிம்பில் பள்ளம், ஆற்றைக் கடந்த சக்கர பேரிங், தூசி அடைத்த ஏர் ஃபில்டர், எல்லாம் அந்தப் பட்டத்தோடு சேர்ந்து வருபவை. ஸ்போக் வீல் என்றால் சாவியால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டுங்கள், ஒரே மாதிரி கணீரென்று ஒலிக்க வேண்டும், மொத்தை சத்தம் வந்தால் அந்தக் கம்பி லூஸ்.

இப்போது என் பழைய கதையின் வில்லன், கோன் செட், அதாவது ஹேண்டில் கழுத்துக்குள் இருக்கும் பேரிங். சென்டர் ஸ்டாண்டு இருந்தால் போட்டு, நண்பரைப் பின்னால் அமுக்கச் சொல்லி, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஒரே விரலால் ஹேண்டிலை மெதுவாக ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் தள்ளுங்கள். நடுவில் வந்ததும் ஒரு சின்னக் குழியில் விழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்தால் கோன் செட் போயிற்று. அடுத்து முன் ஃபோர்க்கின் அடிப்பக்கத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள், "டக்" என்றால் லூஸ். பின்சக்கரத்தையும் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) புஷ், வீல் பேரிங் இரண்டும் அதில் தெரியும். மொத்தம் இரண்டு நிமிடம். இந்த இரண்டு நிமிடத்தை பெல்லந்தூரில் செலவழித்திருந்தால் கிருஷ்ணகிரியில் அரை நாளும் பதினோராயிரம் ரூபாயும் போயிருக்காது.

குளிர்ந்த இன்ஜின்

சாவியைப் போட்டதும் டேஷ்போர்டில் எந்தெந்த விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். இன்ஜின் விளக்கும் ஏபிஎஸ் (பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதி) விளக்கும் முதலில் எரிந்தே ஆக வேண்டும். எரியவே இல்லை என்றால் கோளாறை மறைக்க அந்த விளக்கைக் கழற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஏபிஎஸ் விளக்கு வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் பிடித்ததும் அணைய வேண்டும்.

மல்டிமீட்டரை பேட்டரியில் வையுங்கள். நிற்கும்போது 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் நல்ல பேட்டரி. ஸ்டார்ட் பண்ணி மூவாயிரம் நாலாயிரம் ஆர்பிஎம்மில் 13.5இலிருந்து 14.5க்குள் இருந்தால் சார்ஜிங் சரி. 13ஐத் தாண்டவில்லை என்றாலோ 15ஐத் தாண்டினாலோ ஸ்டேட்டர் அல்லது ரெகுலேட்டர் பக்கம் பிரச்சினை. ஃபாக் லைட்டைப் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள், அப்போது 12க்கு விழுந்தால் இரவுப் பயணத்தில் நீங்கள் பேட்டரியைத் தின்றுகொண்டே போவீர்கள்.

செல்ஃப் ஒன்றிரண்டு முறையில் எடுக்க வேண்டும். புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. குளிரில் லேசான வெள்ளை ஆவி வந்து மறைவது சகஜம், சூடான பிறகும் வெள்ளையாக, இனிப்பு வாசனையோடு வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. டேப்பட் சத்தம் சின்னதாக டிக் டிக் என்று கேட்டு, சூடு ஏறியதும் குறைந்தால் பயமில்லை. அடியிலிருந்து கனமான "டொக் டொக்" கேட்டு, அது சூட்டோடு கூடினால் விலை பேசவே வேண்டாம்.

முதல் இரண்டு கிலோமீட்டர்

மெதுவாகப் போங்கள், இன்ஜின் சூடாகட்டும். இங்கே வண்டியை மட்டுமல்ல, உங்களையும் பார்க்கிறீர்கள். குறுகலான கிராஸில் யு டர்ன் எடுங்கள். இறங்கி, லேசான சரிவில் வண்டியைப் பின்னால் தள்ளி ஏற்றுங்கள். 2025க்கு முந்தைய கேடிஎம் 390 அட்வென்ச்சரின் சீட் உயரம் 855 மில்லிமீட்டர், பழைய 411 ஹிமாலயன் 800. ஐந்தடி ஆறங்குலத்தில் இருக்கும் எனக்கு அந்த ஐந்தரை சென்டிமீட்டர் ஒவ்வொரு சிக்னலிலும் தெரியும். இன்டர்செப்டர் 650 மாதிரி இருநூறு கிலோவைத் தாண்டும் வண்டியைப் பெட்டிகளோடு ஒரு டீக்கடை வாசல் சரிவிலிருந்து தனியாக வெளியே எடுக்க முடியுமா என்பதை வாங்கிய பிறகு கண்டுபிடிப்பதில் அர்த்தம் இல்லை.

கிளட்ச் எங்கே பிடிக்கிறது, இழுத்துப் பிடிக்காமல் சீராக விடுகிறதா, நியூட்ரல் எளிதாக விழுகிறதா, ஒவ்வொரு கியரும் மேலே கீழே தடுக்காமல் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே போங்கள். இருபது முப்பதில் முன்பிரேக்கை மட்டும் மெதுவாகப் பிடியுங்கள். லீவர் விரலில் துடித்தால் டிஸ்க் வளைந்திருக்கிறது. அப்புறம் பின்பிரேக் மட்டும்.

பள்ளமும் ஸ்பீடு பிரேக்கரும்

இந்த இடத்தில் கால்களை ஊன்றி எழுந்து நிற்காதீர்கள், உட்கார்ந்தே ஏறுங்கள். முன்பக்கம் இறங்கும்போது "டங்" என்று இரும்பு மோதும் சத்தம், பின்பக்கம் ஒரு தடவை அமுங்கி ஒரு தடவையில் நிற்காமல் படகு மாதிரி இரண்டு மூன்று தடவை ஆடுவது, இரண்டும் சஸ்பென்ஷன் சோர்ந்ததற்கு அடையாளம். பெட்டி கட்டி ஓடிய வண்டிகளில் பின் ஷாக் சீக்கிரம் சோர்ந்துவிடும், மோனோஷாக் மாற்றுவது செலவு பிடித்த வேலை. ஃப்ளைஓவரில் இரண்டு சிமென்ட் பலகைகள் சேரும் இடுக்குகளில் அறுபதில் போகும்போது ஹேண்டில் ஒரு உதறு உதறிவிட்டு உடனே நேராக வேண்டும்.

ஏபிஎஸ்ஸைப் பார்க்க இடம் தேடுங்கள். பின்னால் ஒருவரும் வராத, நேரான, காய்ந்த ரோட்டில் நாற்பதிலிருந்து பின்பிரேக்கை ஓங்கி மிதித்தால் பெடல் காலைத் திருப்பித் தட்டும், டயர் கோடு போடாது. சில அட்வென்ச்சர் வண்டிகளில் பின் ஏபிஎஸ்ஸை அணைத்துவைக்கும் வசதி உண்டு, அது ஆனில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மிதியுங்கள். 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான், அதற்கு முந்தைய வண்டியில் இல்லாமலும் இருக்கலாம்.

எண்பதில் இருபது நிமிடம்

டெஸ்ட் ரைடு என்று நான் சொல்வது உண்மையில் இதைத்தான், மற்றதெல்லாம் இதற்கு முன்னேற்பாடு. நாலு வழி நெடுஞ்சாலையில் இரு சக்கர வண்டிக்கு உச்ச வேகம் 80, அதற்கு மேல் அடுத்தவர் வண்டியை விரட்டிப் பார்க்க வேண்டியதில்லை. நூற்றிருபது போகுமா என்பது யூடியூபில் இருக்கிறது. எண்பதில் உங்கள் கை மரத்துப் போகுமா என்பது எங்கேயும் இல்லை.

கடைசிக்கு முந்தைய கியரிலோ கடைசி கியரிலோ ஐம்பதில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதும் முறுக்குங்கள். ஆர்பிஎம்மும் வேகமும் கைகோத்துக்கொண்டு ஏற வேண்டும். ஆர்பிஎம் மட்டும் துள்ளி ஏறினால் கிளட்ச் பிளேட் நழுவுகிறது. குளிர்ந்த வண்டியில் இது தெரியாமல் போகலாம், அரை மணி ஓடிய பிறகு ஒருமுறையும் பின்னால் ஆள் ஏறிய பிறகு ஒருமுறையும் செய்து பாருங்கள். இரண்டாவது கியரில் நன்றாக இழுத்து, சட்டென்று விட்டு, மறுபடி முறுக்குங்கள். கியர் தானாக நியூட்ரலுக்குத் தாவினால் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டியிருக்கும், அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

எண்பதில் நிலையாக வைத்துக்கொண்டு வாய்க்குள் ஒரு பாட்டு முடியும் நேரம் போங்கள். கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி தெரிகிறதா, இல்லை மங்கலாக அதிர்கிறதா? ஃபுட்ரெஸ்ட்டில் பாதம் கூசுகிறதா? இடுப்பு என்ன சொல்கிறது? ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஓர் அதிரும் வேகம் உண்டு, அது நீங்கள் தினமும் ஓட்டப்போகும் வேகமாக இருந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். ஒரே சிலிண்டர் வண்டியில் கொஞ்சம் அதிர்வு இருக்கத்தான் செய்யும், அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். ஒரு பக்கம் மட்டும், ஒரு கையில் மட்டும் வரும் அதிர்வுதான் கோளாறு.

அடுத்து, ரோடு காலியாக இருக்கும்போது எழுபதில் ஆக்ஸிலரேட்டரை விட்டு, ஹேண்டிலைப் பிடித்தபடியே பிடியை மட்டும் தளர்த்துங்கள். கையை எடுக்கச் சொல்லவில்லை. எழுபதிலிருந்து ஐம்பதுக்கு இறங்கும்போது ஹேண்டில் தலையாட்டினால் கோன் செட், முன் டயர், வீல் பேலன்ஸ், இந்த மூன்றில் ஒன்று. ஒரு பக்கமாகவே இழுத்தால் அது வேறு, சேசிஸோ ஃபோர்க்கோ வளைந்திருக்கலாம். பின்னால் வரும் நண்பர் இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் ஓடுகிறதா என்று அப்போது பார்க்க வேண்டும். கனகபுரா ரோட்டில் ஒருமுறை என் நண்பன் ஹாரன் அடித்து நிறுத்தி, "மச்சான், வண்டி நண்டு மாதிரி போகுதுடா" என்றான். எனக்கு மேலே உட்கார்ந்து ஒன்றுமே தெரியவில்லை. அந்த வண்டியின் பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னியது.

இறங்கி ஒரு காபி

இருபது நிமிடம் ஓடியதும் ஒரு தர்ஷினி (நின்றபடியே சாப்பிடும் சின்ன ஹோட்டல்) முன்னால் நிறுத்துங்கள். காபிக்கு முன் குனிந்து பாருங்கள், இன்ஜின் அடியில், ரேடியேட்டர் குழாய்களில், ஃபோர்க்கில் புது ஈரம் இருக்கிறதா என்று. ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டில் திறந்துவிடாதீர்கள், முகத்தில் கொதிநீர் அடிக்கும். பத்து நிமிடம் கழித்து அப்படியே சூட்டோடு ஸ்டார்ட் பண்ணுங்கள். குளிரில் ஒழுங்காக எடுத்த வண்டி சூட்டில் முரண்டு பிடிப்பதுண்டு.

பின்னால் ஆள், முன்னால் டிராஃபிக்

திரும்பும்போது நண்பரை ஏற்றிக்கொள்ளுங்கள் (அவர் வண்டி காபிக் கடை வாசலிலேயே நிற்கட்டும்), முடிந்தால் தோளில் ஒரு பையோடு. ஆள் ஏறியதும் பின் மட்கார்டு டயரில் உரசுகிறதா, ஹெட்லைட் வானத்தைப் பார்க்கிறதா, ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டுகிறதா, பிரேக் இன்னும் போதுமா என்பதெல்லாம் இப்போதுதான் தெரியும். வீட்டம்மாவோடு ஊருக்குப் போக வண்டி வாங்குகிறீர்கள் என்றால் நண்பரை விட்டுவிட்டு அவரையே கூட்டிப் போங்கள், அரை மணி நேரத்தில் அந்த சீட்டைப் பற்றி அவர் சொல்வதுதான் இறுதித் தீர்ப்பு.

டாமினார், 390 அட்வென்ச்சர், ஹிமாலயன் 450 மாதிரி தண்ணீரில் குளிரும் இன்ஜின் என்றால் டிராஃபிக்கில் நிற்கும்போது ரேடியேட்டர் ஃபேன் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். சூட்டு அளவு ஏறிக்கொண்டே போய் ஃபேன் ஓடவில்லை என்றால் உடனே ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். காற்றிலும் ஆயிலிலும் குளிரும் 411 ஹிமாலயன், 650 ட்வின் வண்டிகளில் ஃபேன் கிடையாது, அங்கே பார்க்க வேண்டியது சூட்டில் நிற்கும்போது இன்ஜின் தானாக அணைகிறதா, ஐடிலிங் ஏறி இறங்குகிறதா என்பதுதான்.

பேரம்

"ஹேகிதே காடி?" என்று விற்பவர் கன்னடத்தில் கேட்பார், நீங்கள் தமிழ் என்று தெரிந்தால் "என்ன குரு, வண்டி எப்படி?" என்பார். உடனே பதில் சொல்லாதீர்கள். நான் மனதில் இரண்டு பட்டியல் வைத்திருப்பேன். டயர், செயின் செட், பிரேக் பேட், கோன் செட், ஆயில் சீல், பேட்டரி, கிளட்ச் பிளேட் இவை காசால் தீரும். ஜே.சி. ரோட்டில் விலை விசாரித்து, கூலியும் சேர்த்துக் கூட்டி, அதை அப்படியே விலையில் கழித்துக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம். வளைந்த சேசிஸ், சப்ஃபிரேம் விரிசல், தாவும் கியர், அடியில் டொக் டொக், மாற்றப்பட்ட நம்பர், இவற்றுக்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன், பாதி விலைக்குக் கொடுத்தாலும்.

ஓடிய கிலோமீட்டரைப் பார்த்து மட்டும் பயப்படாதீர்கள். ஹைவேயில் ஓடிய நாற்பதாயிரம், அவுட்டர் ரிங் ரோட்டில் முதல் கியரிலேயே தவழ்ந்த பதினெட்டாயிரத்தைவிட இன்ஜினுக்கு நல்லது. மீட்டர் சொல்வதை நம்புவதா என்பதற்கு கியர் லீவர் ரப்பர், ஃபுட்ரெஸ்ட், ஹேண்டில் கிரிப் மூன்றையும் பாருங்கள். பத்தாயிரம் காட்டும் வண்டியில் கியர் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால், அல்லது அது மட்டும் புத்தம் புதிதாக இருந்தால், சர்வீஸ் பில்லில் தேதியும் கிலோமீட்டரும் கேளுங்கள்.

பேப்பர், அதிலும் டிஎன் வண்டி

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29 இரண்டு நகல், படிவம் 30, லோன் இருந்திருந்தால் படிவம் 35ம் வங்கியின் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லைச் சான்று). படிவம் 30இல் விற்பவரின் கையெழுத்து ஆர்சி கையெழுத்தோடு ஒத்துப்போக வேண்டும். பெங்களூர் டிராஃபிக் போலீஸ் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டு பாக்கி அபராதத்தைப் பாருங்கள், ஹெல்மெட் இல்லாமல், சிக்னல் தாண்டி என்று கேமரா எடுத்தது சேர்ந்து சில ஆயிரம் நிற்பது இங்கே சாதாரணம். அதைக் கட்டிய ரசீது காட்டிய பிறகு பணம்.

நம்மாட்கள் மாட்டிக்கொள்வது இன்னொன்றில். ஓசூரிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வந்த பையன்கள் டிஎன் நம்பர் வண்டியை இங்கேயே விற்பார்கள், விலையும் கொஞ்சம் குறைவாக இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவுப்படி வேறு மாநில வண்டி பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்குத் தமிழ்நாட்டு ஆர்டிஓவிடமிருந்து படிவம் 28இல் என்ஓசி, இங்கே வண்டியின் வயதுக்கு ஏற்ப ஆயுள்கால வரி, அப்புறம் அங்கே கட்டிய வரியின் மீதியைத் திரும்பக் கேட்டு அலைவது. இந்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால் விலை குறைவு என்பது காணாமல் போய்விடும். சொந்த ஊர் முகவரியில் மாற்றி அங்கேயே வைத்து ஓட்டப் போகிறீர்கள் என்றால் டிஎன் வண்டி நல்ல யோசனை, இல்லையென்றால் கேஏ வண்டியையே தேடுங்கள்.

டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தால் யுபிஐயில் கொடுங்கள், குறிப்பில் வண்டி நம்பரை எழுதுங்கள். மீதிப் பணம் படிவங்களில் கையெழுத்து ஆன பிறகு. வாங்கியவர் முப்பது நாளுக்குள் ஆர்டிஓவுக்குப் பெயர் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும், இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற பதினான்கு நாள். விற்றவரின் நோ கிளைம் போனஸ் (இன்ஷூரன்ஸில் கிளைம் கேட்காததற்கான தள்ளுபடி) உங்களுக்கு வராது, "ஐம்பது சதவீதம் போனஸ் இருக்கு சார்" என்று அவர் சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் இரண்டாவது சாவியைக் கேளுங்கள், பானியருக்கும் டாப் பாக்ஸுக்கும் தனிச் சாவி உண்டு, அதையும். "வீட்டில் எங்கேயோ இருக்கு, அப்புறம் தர்றேன்" என்பார். நீங்கள் சோபாவில் உட்கார்ந்துகொள்ளுங்கள், தேடட்டும்.